வாயில் பலூன், பிதுங்கிய கண்: 50 மீட்டர் ஆழத்து மீனுக்கு என்ன ஆயிற்று?

பள்ளி விடுமுறையில் சித்தப்பாவோ மாமாவோ உங்களைக் கடலுக்குத் தூண்டில் போட அழைத்துச் சென்றால், இந்தக் காட்சியைப் பார்க்க நேரலாம். 50 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கெராப்பு மேலே வருகிறது. கண்கள் பிதுங்கி நிற்கின்றன. வயிறு பந்துபோல் உப்பியிருக்கிறது. வாய்க்குள்ளிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ ஒன்று ஊதிய பலூனைப் போலத் துருத்திக்கொண்டிருக்கிறது. மீனோ சின்னது. "பாவம், குட்டி மீன், விட்டுவிடுங்கள்" என்கிறார் ஒருவர். கொக்கியைக் கழற்றிக் கடலில் விடுகிறார்கள். மீன் கீழே இறங்கவில்லை. இரண்டு மூன்று முறை வாலை அடித்துப் பார்க்கிறது. பிறகு மல்லாந்து, அலையோடு மிதந்து போகிறது. சற்று நேரத்தில் ஒரு கடற்கழுகு வட்டமிடத் தொடங்குகிறது.

விட்டவர் ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு அடுத்த தூண்டிலைப் போடுகிறார். உண்மையில் அந்த மீன் காப்பாற்றப்பட்டதா? இதற்கு விடை சொல்ல மீன்பிடி அனுபவம் கூடத் தேவையில்லை, மாணவர்களே. படிவம் 4 இயற்பியல் பாடநூலில் வரும் பாயில் விதி போதும். ஆனால் அதற்கு முன், அந்த மீன் எப்படிப் பிடிபட்டது என்று பார்த்துவிடுவோம். அதிலும் நிறைய அறிவியல் இருக்கிறது.

தெக்கோங்கின் திரையில்

கிழக்குக் கரையில் குவாந்தான், ரொம்பின், கோலத் திரெங்கானு போன்ற இடங்களிலிருந்து தூண்டில் படகுகள் தென்சீனக் கடலுக்குள் போகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலமான நவம்பர் முதல் மார்ச் வரை கடல் கொந்தளிப்பதால், மற்ற மாதங்களில்தான் பெரும்பாலும் பயணம். கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் அங்கே கடல் மிக ஆழமாகிவிடுவதில்லை. 50, 60 மீட்டர்தான். காரணம், அது சுந்தா திட்டு எனப்படும் ஆழம் குறைந்த கடலடி நிலப்பரப்பு. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. இன்று தெக்கோங் நங்கூரம் போடும் இடத்தில் அன்று காடும் ஆறும் இருந்திருக்கும்.

தெக்கோங்கின் பக்கத்தில் ஒரு சிறு திரை இருக்கும். அதுதான் சோனார். படகின் அடியிலிருந்து ஓர் ஒலித்துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் செல்லும். 60 மீட்டர் ஆழம் என்றால் போகவும் வரவும் 120 மீட்டர். ஆகும் நேரம் 0.08 விநாடி. அந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. இத்தகைய கருவிகளில் பரவலாகப் பயன்படும் அதிர்வெண் 200 கிலோஹெர்ட்ஸ். நம் செவியின் எல்லையோ 20 கிலோஹெர்ட்ஸ்.

திரையில் தரைக்கு மேலே சிறுசிறு வளைவுகள் தெரியும். "மீன் இருக்கிறது" என்பார் தெக்கோங். உண்மையில் அந்தக் கருவிக்குப் பளிச்சென்று தெரிவது மீனின் தசையல்ல. தசையின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், ஒலி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையில் மோதும்போதுதான் ஒலி பலமாகத் திரும்புகிறது. தெங்கிரி மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. அதனால் அது தரும் எதிரொலி மங்கலாகவே இருக்கும். இந்தக் காற்றுப்பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீனைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான், பிறகு அதன் உயிருக்கு உலை வைப்பதும் அதுதான்.

மேற்குக் கரையில், கோல சிலாங்கூர், கிள்ளான் பக்கம் தூண்டில் போடுபவர்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர் வேறுபாடு இருக்கும். அவ்வளவு நீரும் சில மணி நேரத்தில் ஏறி இறங்க வேண்டுமென்றால் நீரோட்டம் எப்படி இருக்கும்? தூண்டிலைத் தரையில் நிறுத்தவே முடியாது. ஆகவே அவர்கள் அட்டமியை ஒட்டிய நாள்களைத் தேடுவார்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி மீன்பிடிக்கும் உதவும்.

ஈயத் துண்டு மீனாவது எப்படி?

தரை மீனுக்குத் தூண்டில் போடும்போது இறாலோ கணவாய்த் துண்டோ குத்திப் போடுவது பழைய முறை. இப்போது இளைஞர்கள் பலர் விரும்புவது ஜிக். ஈயத்தால் வார்த்து, மேலே பளபளப்பான தாளும் சாயமும் பூசிய மீன் வடிவத் துண்டு இது. 100 முதல் 200 கிராம் எடை இருக்கும். தரையைத் தொடும்வரை இறக்கி, கோலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். தூக்கும்போது ஜிக் மேலே பாயும். விடும்போது அடிபட்ட மீனைப் போலப் புரண்டு புரண்டு விழும். பெரும்பாலும் விழும்போதுதான் மீன் கவ்வும்.

ஏன் ஈயம்? அடர்த்தியைப் பாருங்கள். ஈயம் 1 மில்லிலிட்டருக்கு 11.3 கிராம். 150 கிராம் ஜிக் வெறும் 13 மி.லி. இடத்தைத்தான் பிடிக்கும். அதே எடையில் ஒரு கருங்கல்லைக் கட்டினால் அது 55 மி.லி.க்கு மேல் போய்விடும். நீரோட்டம் தள்ளுவதற்கு அத்தனை பெரிய பரப்பு கிடைக்கும். டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி 19.3. அதில் செய்த ஜிக் இன்னும் சின்னதாக, வேகமாக இறங்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

ஆனால் நீரோட்டம் ஜிக்கை மட்டுமா தள்ளுகிறது? 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பு 60 மீட்டர் நீருக்குள் இருக்கிறது என்று வையுங்கள். அதன் பக்கப் பரப்பு 60 × 0.0006 = 0.036 சதுர மீட்டர், அதாவது 360 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளின் பாதியைவிட அதிகம். 15 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள ஜிக்கின் பரப்போ 30 சதுர செ.மீ. தான்! மெல்லிய நரம்புதானே என்று நாம் நினைப்பது, ஜிக்கைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரிய பாய்மரம். அதனால்தான் இப்போது பாலிஎத்திலின் இழைகளைப் பின்னிய நூலைப் பயன்படுத்துகிறார்கள். அதே பலத்துக்கு அது பாதித் தடிமன்கூட இராது.

பின்னல் நூலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது நைலானைப் போல நீண்டு கொடுக்காது. 60 மீட்டர் நைலான் வெறும் 2 விழுக்காடு நீண்டாலே 1.2 மீட்டர். மேலே நீங்கள் கோலை 1 மீட்டர் தூக்குகிறீர்கள்; அந்த அசைவை நரம்பே விழுங்கிவிடும். கீழே ஜிக் சும்மா கிடக்கும்.

கொக்கியின் இடமும் கவனிக்கத்தக்கது. ஜிக்கில் கொக்கி பெரும்பாலும் மேல் முனையில் ஒரு சிறு கயிற்றில் தொங்கும். தரையில் இருக்கும் பாறையில் மாட்டாமல் இருக்க இந்த ஏற்பாடு. இதில் மீனுக்கும் ஒரு நன்மை உண்டு. உண்மையான இரை என்றால் மீன் அதை விழுங்கிவிடும். கொக்கி தொண்டையிலோ குடலிலோ போய் மாட்டும். ஈயத் துண்டை யார் விழுங்குவார்? கவ்விய நொடியில் உதட்டிலோ வாயோரத்திலோ குத்திக்கொள்ளும். கழற்றுவது எளிது, காயமும் சிறிது.

சிவப்பு எங்கே போனது?

தூண்டில் கடைக்குப் போனால் சுவர் முழுக்க ஜிக்குகள் தொங்கும். சிவப்பு, இளஞ்சிவப்பு, தங்கம், வரிக்குதிரைப் பட்டை. இவற்றில் எது மீனுக்குப் பிடிக்கும் என்று என் வகுப்பு மாணவர்கள் சூடாக விவாதித்ததுண்டு.

நீர் எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி விடுவதில்லை. நீண்ட அலைநீளமுள்ள சிவப்பொளியை அது முதலில் உறிஞ்சிவிடுகிறது. தெளிந்த கடலிலேயே முதல் 10 மீட்டருக்குள் சிவப்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பிறகு செம்மஞ்சள், மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மறையும். தெளிந்த நீரில் கடைசிவரை மிஞ்சுவது நீலம். சேறும் நுண்பாசியும் கலந்த கரையோர நீரில் மிஞ்சுவது பச்சை. ஒரு பொருள் சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அதன்மீது சிவப்பொளி விழ வேண்டும். 50 மீட்டர் ஆழத்தில் விழுவதற்குச் சிவப்பொளியே இல்லை. ஆகவே கடையில் பளபளத்த சிவப்பு ஜிக், கீழே கரும் சாம்பல்.

இப்போது ஈக்கான் மேராவை நினைத்துப் பாருங்கள். சந்தையில் பனிக்கட்டிமேல் அத்தனை சிவப்பாகக் கண்ணைப் பறிக்கும் அந்த மீன், தான் வாழும் ஆழத்தில் மங்கலாகி ஒளிந்துகொள்கிறது. அதற்குச் சிவப்பு ஒரு மறைப்பு உடை.

அப்படியானால் மீன் ஜிக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மேலிருந்து வரும் மங்கிய வெளிச்சத்தின் எதிரே அசையும் நிழலாக, பக்கம் திரும்பும்போது மின்னும் பளபளப்பாக. சில ஜிக்குகளில் ஒளிரும் சாயம் பூசியிருப்பார்கள். கைவிளக்கைக் காட்டிவிட்டு இறக்கினால் சிறிது நேரம் இருட்டில் பச்சையாக ஒளிரும். இதையெல்லாம்விட முக்கியமானது பக்கக்கோடு. மீனின் செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை ஓடும் அந்த மெல்லிய கோடு, நீரின் அசைவை உணரும் உறுப்பு. ஜிக் புரண்டு விழும்போது நீரில் எழும் தடுமாற்றம் அருகிலுள்ள மீனின் உடல்மீது தொடுவதுபோலப் படுகிறது. வண்ண ஜிக்குகள் முதலில் பிடிப்பது கடைக்கு வந்தவரைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

மீனுக்குள் ஒரு பலூன்

சரி, கெராப்பு கவ்விவிட்டது. இனிதான் நம் கேள்வி.

கெராப்பு, ஈக்கான் மேரா, ஜெனாஹா போன்ற தரை மீன்களின் வயிற்றறையில், முதுகெலும்புக்குக் கீழே, காற்றுப்பை இருக்கிறது. மீனின் தசையும் எலும்பும் நீரைவிடச் சற்றுக் கனமானவை. ஓயாமல் நீந்தாவிட்டால் மூழ்கிவிடும். பைக்குள் சரியான அளவு வாயு இருந்தால் ஏறாமலும் இறங்காமலும் நின்ற இடத்திலேயே நிற்கலாம். கடல்மீன்களில் இந்தப் பை உடல் கன அளவில் ஏறக்குறைய 5 விழுக்காடு. 1 கிலோ எடையுள்ள மீனின் கன அளவு ஏறக்குறைய 1 லிட்டர் என்றால், பை 50 மி.லி.

இப்போது அழுத்தம். உங்கள் சுண்டுவிரல் நகத்தின் பரப்பு ஏறக்குறைய 1 சதுர செ.மீ. அதன்மேல் 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு நீர்த்தூணை எழுப்பினால் அதில் 1,000 மி.லி. நீர் இருக்கும். எடை 1 கிலோ. நம் தலைக்கு மேலுள்ள மொத்தக் காற்றும் ஒரு சதுர செ.மீ. மீது ஏறக்குறைய அதே 1 கிலோ எடையைத்தான் ஏற்றுகிறது. ஆகவே கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் 1, 10 மீட்டரில் 2, 50 மீட்டரில் 6.

இதைச் சொல்லும்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஆறு மடங்கு அழுத்தத்தில் மீன் நசுங்காதா, டீச்சர்?" நல்ல கேள்வி. நசுங்காது. உடலின் பெரும்பகுதி நீர்தான்; நீரை அழுத்திச் சுருக்குவது மிகக் கடினம். உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் நீரும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் மீனுக்கு எதுவும் தெரியாது. சுருங்குவதும் விரிவதும் வாயு மட்டுமே. காற்றுப்பையில் உள்ள வாயுவும் 6 வளிமண்டல அழுத்தத்தில்தான் இருக்கிறது. மீன் அங்கே வாழும்வரை அதில் சிக்கல் இல்லை.

1662 இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது: வெப்பநிலை மாறாதபோது, குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வரும் எண் மாறாது. 50 மீட்டரில் 6 × 50 = 300. மேற்பரப்பில் அழுத்தம் 1. அப்படியென்றால் கன அளவு 300 மி.லி.

300 மி.லி. என்றால் கிட்டத்தட்ட ஒரு குளிர்பான டின். 1 லிட்டர் உடலுள்ள மீனின் வயிற்றுக்குள் ஒரு டின் அளவுக்குக் காற்று! வயிற்றறையில் அவ்வளவு இடம் ஏது? பை விரிந்து, பல சமயம் கிழிந்து, வாயு வயிற்றறைக்குள் பரவும். குடலையும் இரைப்பையையும் நெட்டித் தள்ளும். இரைப்பை உள்ளே இருக்க இடமில்லாமல் வாய் வழியாக வெளியே புரளும். கண்ணுக்குப் பின்னால் வாயு சேர்ந்து கண்ணைப் பிதுக்கும். இரத்தத்தில் கரைந்திருந்த வாயுவும் குமிழிகளாகப் பிரியும். பாயிலே 1670 இல் வெளியிட்ட ஒரு சோதனையில், காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் இருந்த ஒரு விரியன் பாம்பின் கண்ணில் குமிழி ஒன்று அசைவதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கெராப்பின் கண்ணில் நடப்பதும் அதுவே.

கடைசி 10 மீட்டர்

மேலே வரும் வழியில் பை எப்படி விரிகிறது என்று ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். 50 மீட்டரில் 50 மி.லி. 40 மீட்டரில் 60. 30 மீட்டரில் 75. 20 மீட்டரில் 100. 10 மீட்டரில் 150. மேற்பரப்பில் 300.

முதல் 40 மீட்டர் தூரம் ஏறியதில் கூடியது 100 மி.லி. கடைசி 10 மீட்டரில் மட்டும் கூடியது 150 மி.லி.! மீனைச் சிதைப்பது ஆழம் என்று நாம் நினைக்கிறோம். சேதத்தின் பெரும்பகுதி நம் கண்ணுக்கு அது தெரியத் தொடங்கும் இடத்தில்தான் நடக்கிறது. 20 மீட்டரிலிருந்து வரும் மீனின் பைகூட மூன்று மடங்காகும் என்பதையும் கவனியுங்கள். ஆழமில்லாத மலாக்கா நீரிணையில் தூண்டில் போடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

மெதுவாக இழுத்தால் போதாதா? முக்குளிப்பவர்கள் நின்று நின்று மேலே வருகிறார்களே என்று கேட்பீர்கள். முக்குளிப்பவரின் நுரையீரலுக்கு வாசல் இருக்கிறது. விரியும் காற்றை அவர் மூச்சாக வெளியே விடுகிறார். கெண்டை, கெளுத்தி போன்ற மீன்களிலும் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. அவை காற்றை ஏப்பம் விடலாம். கெராப்புக்கும் ஈக்கான் மேராவுக்கும் அந்தக் குழாய் இல்லை. அவற்றின் பை மூடிய பை. வாயு உள்ளே போவதும் வெளியே வருவதும் இரத்தத்தின் வழியாகத்தான். பையின் சுவரில் மெல்லிய இரத்தக் குழாய்கள் அடர்ந்த ஒரு வலை இருக்கிறது. லத்தீனில் அதற்கு 'அற்புத வலை' என்றே பெயர். அங்கே சுரக்கும் லாக்டிக் அமிலம் ஹீமோகுளோபினிடமிருந்து ஆக்சிஜனைப் பிரித்துப் பைக்குள் தள்ளுகிறது. வெளியேற்ற வேறொரு பகுதி இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு மணிக்கணக்கில் ஆகும். நீங்கள் மீனை 2 நிமிடத்தில் இழுத்தாலும் 5 நிமிடத்தில் இழுத்தாலும் பெரிய வேறுபாடு இராது. மெதுவாக இழுத்தால் மீன் இன்னும் களைத்துப் போவதுதான் மிச்சம்.

காற்றுப்பையே இல்லாத தெங்கிரிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு பயணத்தில் எதை விடலாம், எதை எப்படி விட வேண்டும் என்பதை மீனின் உடலமைப்பே முடிவு செய்கிறது.

குத்தலாமா?

வாயில் துருத்தும் அந்த இளஞ்சிவப்புப் பலூனைக் காற்றுப்பை என்று நினைத்துக் கத்தி முனையால் குத்திவிடும் பழக்கம் படகுகளில் உண்டு. 'புஸ்' என்று காற்றும் வரலாம். ஆனால் குத்தப்பட்டது காற்றுப்பை இல்லை, இரைப்பை. அழுத்தம் குறைந்தால் தானாக உள்ளே போய்விடக்கூடிய ஓர் உறுப்பில் ஓட்டை போட்டு அனுப்புகிறோம்.

மார்புத் துடுப்புக்குப் பின்னால் உள்ளீடற்ற ஊசியைச் சாய்வாகச் செலுத்தி வயிற்றறைக் காற்றை வெளியேற்றும் முறை ஒன்று இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் தூய்மையான ஊசியால் செய்தால் பலன் தரலாம். ஆடும் படகில், துள்ளும் மீனில், உங்களையும் என்னையும் போன்றவர்கள் செய்தால் ஈரலையோ சிறுநீரகத்தையோ குத்திவிடுவோம். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இதில் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்டால், கெராப்பின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். கெராப்பு இனங்களில் பல, பெண்ணாகவே பருவமடைகின்றன. பல முறை முட்டையிட்டு, வளர்ந்து பெரிதான பிறகே அவற்றில் சில ஆணாக மாறுகின்றன. வளர்ச்சியும் மெதுவானது, முதல் முட்டைக்கே சில ஆண்டுகள் ஆகும். ஆகவே "சின்னது, விட்டுவிடு" என்று நாம் விடும் மீன் பெரும்பாலும் இன்னும் முட்டையிடாத பெண். அதை விடுவது சரியான முடிவுதான். மேற்பரப்பிலேயே விட்டு மிதக்கவிடுவதால் அந்த முடிவு வீணாகிறது. அது தட்டிலும் இல்லை, கடலிலும் இல்லை. சாப்பிடும் அளவுக்குப் பெரிய மீன் என்றால் உடனே கொன்று பனிக்கட்டியில் வைத்துச் சமைப்பது, மிதக்கவிடுவதைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். போதுமான மீன் கிடைத்துவிட்ட பிறகு, விடுவதற்காகவே 50 மீட்டர் ஆழத்தில் தொடர்ந்து ஜிக் இறக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

காய்கறிக் கூடையும் 3 கிலோ ஈயமும்

பாயில் விதி மீனை மேலே கொண்டுவரும்போது எதிரி என்றால், கீழே கொண்டுபோகும்போது நண்பன். திரும்பவும் அழுத்தத்துக்குள் அனுப்பினால் வாயு சுருங்கும், கண் உள்ளே போகும், இரைப்பை தன் இடத்துக்குத் திரும்பும். சில இனங்களில் கிழிந்த காற்றுப்பை சில நாள்களிலேயே ஆறத் தொடங்குவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எல்லா மீனும் பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் மிதந்து கிடக்கும் மீனைவிட அதற்கு வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கடற்பகுதியில் பவளப்பாறை மீன் பிடிக்கும் படகுகள், மீனைக் கீழே இறக்கும் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று 2022 இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது.

கருவி என்றதும் விலை உயர்ந்த ஒன்று என்று நினைக்காதீர்கள். சந்தையில் காய்கறி அடுக்கும் ஓட்டைகளுள்ள பிளாஸ்டிக் கூடை போதும். அதைக் கவிழ்த்து, இப்போது மேலே இருக்கும் அடிப்பாகத்தில் ஒரு நீண்ட கயிற்றைக் கட்டுங்கள். கீழே இருக்கும் வாய்ப்புற விளிம்பில் நான்கு மூலையிலும் ஈயக் குண்டுகளைக் கட்டுங்கள். மீனை நீரில் விட்டு அதன்மேல் கூடையைக் கவிழ்த்து இறக்கினால், மிதக்க முயலும் மீன் கூடையின் கூரையில் முட்டிக்கொண்டே கீழே போகும். ஆழத்தில் வாயு சுருங்கியதும் அதற்குத் தெம்பு வரும். திறந்திருக்கும் அடிப்பக்கம் வழியாகத் தானே நீந்திப் போய்விடும்.

எவ்வளவு எடை வேண்டும்? நம் 1 கிலோ மீனுக்கு நடுநிலையாக நிற்க வேண்டிய காற்று 50 மி.லி.; மேற்பரப்பில் இருப்பது 300. கூடுதலான 250 மி.லி. காற்று ஏறக்குறைய 250 கிராம் எடைக்குச் சமமான மிதப்பு விசையைத் தரும். 3 கிலோ மீன் என்றால் 750 கிராம். கூடையின் பிளாஸ்டிக்கும் லேசாக மிதக்கும். ஆக, மொத்தம் 3 கிலோ ஈயம் கட்டினால் தாராளம்.

கூடை 10 மீட்டர் இறங்கியதும் 300 மி.லி. காற்று 150 ஆகிவிடும். கடைசி 10 மீட்டரில் நடந்த கேடு, இப்போது முதல் 10 மீட்டரிலேயே திரும்பிவிடுகிறது. முடிந்தால் பிடித்த ஆழம்வரை இறக்குங்கள். கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் ஆழம் தெரியும். முக்கியமானது நேரம். சூடான படகுத் தளத்தில் கிடத்தி, கைப்பேசியில் நான்கு கோணத்தில் படம் பிடித்து, பிறகு இறக்குவதில் பயனில்லை. கூடை முன்கூட்டியே கட்டி ஆயத்தமாக இருக்க வேண்டும். மீனை ஈரக் கையால் பிடிக்க வேண்டும். வெளியே தள்ளிய இரைப்பையைத் தொடக்கூடாது.

இதெல்லாம் மீன்பிடிக்க அனுமதி உள்ள இடங்களில்தான். தியோமான் போன்ற கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் வரை தூண்டில் போடக்கூடாது.

வீட்டில் செய்து பாருங்கள்

மருந்தகத்தில் ஊசி இல்லாத 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். உள்ளே ஒரு சிறிய மார்ஷ்மெல்லோவைப் போட்டு, காற்று 10 மி.லி. அளவில் இருக்கும்படி தண்டைத் தள்ளுங்கள். முனையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு தண்டை 30 மி.லி. வரை இழுங்கள். மார்ஷ்மெல்லோ உப்பும். அதற்குள் அடைபட்ட குமிழிகள்தாம் விரிகின்றன. அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகியிருக்கிறது. 20 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்த மீனுக்கு நேர்ந்ததும் அதுவே. தண்டை விட்டதும் மார்ஷ்மெல்லோ சுருங்கும், ஆனால் பழைய வழவழப்பு இராது. உள்ளே சில சுவர்கள் உடைந்திருக்கும்.

இன்னொன்று: துரித உணவகத்தில் தரும் சில்லி சாஸ் பொட்டலங்களில் சிலவற்றை ஒரு குவளை நீரில் போட்டு, மட்டுமட்டாக மிதப்பது எது என்று பாருங்கள். அதை நீர் நிரப்பிய 1.5 லிட்டர் புட்டியில் திணித்து மூடியை இறுக்குங்கள். புட்டியை அமுக்கினால் பொட்டலம் மூழ்கும், விட்டால் எழும். அமுக்கும்போது பொட்டலத்துக்குள் இருக்கும் காற்று சுருங்குவதைக் கண்ணாலேயே காணலாம். பாதி ஆழத்தில் அதை அசையாமல் நிறுத்த முயன்று பாருங்கள். கெராப்பு நாள் முழுக்கச் செய்யும் வேலை எவ்வளவு நுட்பமானது என்று தெரியும்.

பிறகு தாளையும் பேனாவையும் எடுங்கள். 30 மீட்டர் ஆழத்தில் பிடிபட்ட 2 கிலோ மீனின் காற்றுப்பை 100 மி.லி. மேற்பரப்பில் அந்த வாயு எவ்வளவு இடம் கேட்கும்? கூடைக்குக் குறைந்தது எத்தனை கிராம் ஈயம் வேண்டும்? கடைசியாக ஒன்று: மீன் 20 மீட்டரிலிருந்து வந்ததானாலும் 60 மீட்டரிலிருந்து வந்ததானாலும், கூடையில் 10 மீட்டர் இறங்கும்போது அதன் வாயு சரியாகப் பாதியாகிறது. ஏன்?